கதவு தட்டும் பரீட்சை

எட்டு மாதமாகத் தற்காலிகப் பொறுப்பாளராக இருந்த வீட்டிலேயே அன்று அக்காவுக்கு, அந்த வேலையை நிரந்தரமாக்குவதற்கான நேர்காணல். கேள்வி கேட்கப் போகிறவர்கள் யாரென்று தெரிந்ததிலிருந்து அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. பெரிய அதிகாரிகள் என்றால் எப்படியாவது சமாளித்துவிடுவாள். வந்து உட்கார்ந்திருந்ததோ, முந்தாநாள் குளியலறையைக் குளமாக்கிவிட்டு அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட மூன்று பேர்.

பெற்றவர்களோடு இருக்க முடியாமல் போன பிள்ளைகள், பதினேழு வயதிலிருந்து இருபத்தொன்று வரை, ஆளுக்கோர் அறையில் தாங்களே சமைத்து, தாங்களே துவைத்து வாழப் பழகும் வீடு அது. தங்களை யார் பார்த்துக்கொள்வது என்பதை அந்தப் பிள்ளைகளே சொல்லட்டும் என்று தலைமை அலுவலகத்துக்கு இத்தனை வருஷம் கழித்து ஞானோதயம் வந்திருந்தது. நல்ல யோசனைதான். அக்காவே கைதட்டி வரவேற்றாள், அது தன் தலையில்தான் விடியும் என்று தெரியாமல். பிள்ளைகள் வேண்டாமென்று சொல்லிவிட்டால் திங்கட்கிழமை வேறு ஆள் வந்துவிடுவார். இவர்களை விட்டுப் போக அவளுக்கு மனசே இல்லை.

சாப்பாட்டு மேஜைக்குப் பின்னால் நடுநாயகமாக வக்கீல். எதற்கெடுத்தாலும் வாதாடுகிற பெண் என்பதால் அந்தப் பெயர். வலப்பக்கம் மொட்டை, இரவல் டையோடு. இடப்பக்கம் கும்பகர்ணன், பகல் பன்னிரண்டுக்கு முன்னால் அவன் விழித்திருந்ததை அந்த வீடு அன்றுதான் பார்த்தது.

"உக்காருங்க," என்றாள் வக்கீல். "தண்ணி வேணுமா?"

"நானே எடுத்துக்கறேன்டி."

"இது நேர்காணல். டி போடக்கூடாது."

மொட்டை அதைக் குறித்துக்கொண்டான். பிறகு டையைச் சரிசெய்துகொண்டு கேட்டான்: "ஃபிரிட்ஜுல ஒருத்தர் பேரெழுதி வச்ச கேக்கை இன்னொருத்தர் சாப்பிட்டா என்ன செய்வீங்க?"

"கூப்பிட்டு விசாரிப்பேன்."

"சாப்பிட்டது பொறுப்பாளரா இருந்தா?"

அக்காவுக்கு முழி பிதுங்கியது. "ஓரத்துல கொஞ்சூண்டுதான்..."

"குறிச்சுக்கோ," என்றாள் வக்கீல்.

அடுத்தது கும்பகர்ணன். கொட்டாவியை முடித்துவிட்டு, "செய்முறைத் தேர்வு," என்றான். "வெளியில போய், கதவைத் தட்டிட்டு உள்ள வாங்க."

இதெல்லாம் ஒரு பரீட்சையா! அக்கா துள்ளி எழுந்தாள். வெளியே போனாள், சாத்தினாள், தட்டினாள், வந்தாள்.

"ஃபெயில்."

"தட்டினேனே!"

"ஒரு கை தட்டும்போதே இன்னொரு கை திறந்துருது. தினமும் என் ரூமுக்கு இப்படித்தான் வர்றீங்க. நான் பாதிச் சட்டையில நிக்கறேன், நீங்க ஜன்னல் திரையை இழுத்துட்டு இருக்கீங்க."

"உன்னை எழுப்பத்தானடா..."

"டா," என்று எழுதிக்கொண்டான் மொட்டை.

வக்கீல் மட்டும் சிரிக்கவில்லை. "இதுக்கு முன்னாடி இருந்த இடத்துலயெல்லாம் எனக்குன்னு ஒரு கதவே இருந்ததில்லக்கா. இங்கதான் முதல்ல," என்றாள்.

அக்கா மறுபடி வெளியே போனாள். தட்டிவிட்டு ஒன்று, இரண்டு என்று எண்ணினாள். மூன்றுக்குள் பாழாய்ப்போன கை கைப்பிடியைத் திருகிவிட்டது. ஃபெயில்.

மூன்றாவது முறை, தட்டிய கையை மறு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். உள்ளே சத்தமில்லை. அப்புறம் குசுகுசுப்பு. அப்புறம் சிரிப்பு. அப்புறம் ஏதோ உடைகிற சத்தம். உடைந்தது ஜாடியா, மொட்டையின் மண்டையா? அவளுக்குக் கை பரபரத்தது.

"உள்ள வரலாமா?"

"இப்ப வேணாம்," என்றது வக்கீலின் குரல்.

வேண்டாமா! எட்டு மாதத்தில் ஒருவர்கூட அவளிடம் அப்படிச் சொன்னதில்லை. சொல்ல அவள் இடம் கொடுத்தால்தானே? அதை நினைத்ததும் அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. கதவைத் தொடாமல் திரும்பி நடந்தாள்.

தன் அலுவலறைக்குள் போய்ச் சாத்திக்கொண்டு, வேலை போயிற்று என்று தானே தீர்ப்பும் எழுதி, மேஜையில் தலையைக் கவிழ்த்து அழுதாள். நாசூக்கான அழுகை இல்லை. மூக்கும் ஒழுகியது, கண்மையும் ஒழுகியது.

கதவு தட்டப்பட்டது.

"வராதீங்க!" என்று அலறினாள்.

கதவு அசையவில்லை.

"சரிங்கக்கா," என்றாள் வக்கீல் வெளியிலிருந்து. "முடிவைச் சொல்லணும். இங்க நின்னே சொல்லவா, உள்ள வந்து சொல்லவா? நீங்க சொல்றபடிதான்."

அக்கா மூக்கை உறிஞ்சினாள். "அங்கேருந்தே சொல்லு."

"பாஸ். வேணாம்னதும் திறக்காம போனீங்கல்ல, அதுக்கு முழு மார்க். மூணு பேரும் கை தூக்கிட்டோம். மொட்டை ரெண்டு கையையும் தூக்கிட்டான்."

"கேக்குக்கு மார்க் குறைச்சிருக்கு," என்றான் மொட்டை.

"இப்ப உள்ள வரலாமா?" என்றான் கும்பகர்ணன்.

அக்கா கண்ணாடியில் பார்த்தாள். மை கன்னத்தைத் தாண்டி மோவாய்க்கு வந்திருந்தது.

"இன்னும் ரெண்டே நிமிஷம்."

மூன்று பேரும் சுவரில் சாய்ந்து தரையில் உட்காரும் சத்தம் கேட்டது. கதவு திறக்கவில்லை. அந்த இரண்டு நிமிடமும் அக்கா வசதியாக உட்கார்ந்து, மிச்ச அழுகையையும் அழுது முடித்தாள்.