நீச்சல் குளத்து மாடியில் வரிக் கணக்கு

பொது நீச்சல் குளத்துக்கு மேலே ஒரு நீளமான அறை உண்டு. வருடத்தில் பத்து மாதம் அது பூட்டிக் கிடக்கும். வருமான வரிக் கணக்கு கொடுக்க வேண்டிய இரண்டு மாதங்களில் மட்டும் புதன்கிழமைதோறும் திறப்பார்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் அங்கே வந்து டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தால், அவர்களைப் போலவே ஓய்வு பெற்ற ஒரு கணக்கு டீச்சர் காசு வாங்காமல் படிவத்தை நிரப்பிக் கொடுப்பார். அறையின் ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி. கீழே தண்ணீர் அசைய அசைய, மேலே கூரையில் வெளிச்சம் நெளியும். பத்து நிமிடம் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தால், உட்கார்ந்திருப்பது நாற்காலியிலா தண்ணீரிலா என்று சந்தேகம் வந்துவிடும். தன் எண்ணைக் கூப்பிட்டது காதில் விழாமல் அப்படியே மிதந்துகொண்டிருப்பவர்கள் வாரத்துக்கு நான்கு பேராவது தேறுவார்கள்.

அட்டவணைக்காரர் பத்து நாற்பதுக்கே வந்து டோக்கன் வாங்கிவிட்டார். எண் பதினேழு. முப்பத்தாறு வருடம் ரயில் வண்டிகளுக்குக் கால அட்டவணை போட்டவர். எந்த வண்டி எந்த நிலையத்தில் எத்தனை நிமிடம் நிற்கும் என்பதை இன்றைக்கும் தூக்கத்தில் கேட்டால்கூடச் சொல்வார். மனைவி பதினொன்றுக்கு வருவதாகப் பேச்சு.

பதினோரு வருடமாக இருவரும் தனித்தனி வீட்டில் இருக்கிறார்கள். அடிதடி, அழுகை என்று எதுவும் நடக்கவில்லை. இவர் ரிட்டயர் ஆன மறுவாரம் சமையலறைச் சுவரில் ஒரு அட்டவணை ஒட்டினார். 6.10 பால் காய்ச்சுதல். 6.25 காபி. 11.05 அடுப்பு. 3.40 ஓய்வு. மனைவியான அந்த அம்மாளோ ஒரு பெரிய மருத்துவமனையின் துணி அறைக்குப் பொறுப்பாக இருந்து, நாளைக்கு இரண்டாயிரம் விரிப்புகளை எண்ணி வாங்கி எண்ணிக் கொடுத்தவர். இடுப்பில் கை வைத்து நின்று அதை முழுக்கப் படித்தார். "தும்மறதுக்கு நேரம் போடலையே" என்று மட்டும் சொன்னார். இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்தார். மூன்றாம் மாதம் தங்கை வீட்டு மாடிக்குப் போனவர் போனவர்தான்.

மிச்சம் இருந்தது இந்த ஒரு நாள். அந்த ஊர்ச் சட்டப்படி கணவனும் மனைவியும் சேர்த்து ஒரே கணக்காகவும் கொடுக்கலாம்; அப்படிக் கொடுப்பதானால் இரண்டு பேரும் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். போட்டு முடித்துக் கீழே இறங்கி, குளத்தோரக் கடையில் ஆளுக்கொரு காபி குடித்து, பேருந்து நிறுத்தம் வரை நடப்பார்கள். மற்ற நாட்களை எல்லாம் அட்டவணைக்காரர் இந்த நாளுக்கு முன்னால், இந்த நாளுக்குப் பின்னால் என்றுதான் பிரித்து வைத்திருந்தார்.

அந்த நாள்தான் இன்றைக்குக் கையை விட்டுப் போகப்போகிறது. அவருக்கு மட்டும் அது தெரியும்.

நான்கு வருடத்துக்கு முன்னால் அம்மாளுடைய மருத்துவமனைப் பென்ஷன் கூடியது. அந்த வருடமே அவர் வீட்டில் பென்சிலால் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டார். தனித்தனியாகக் கொடுத்தால் வரி குறைகிறது. இரண்டாம் தடவையும் போட்டுப் பார்த்தார், அதேதான் வந்தது. தாளை நான்காய்க் கிழித்துக் குப்பையில் போட்டார். டீச்சர் அப்போதெல்லாம் கையால் போடுவார். "சேர்த்துத்தானே?" என்பார். "சேர்த்துத்தான்" என்பார் இவர். கேட்டதற்கு மேல் டீச்சரும் தோண்டியதில்லை. இந்த வருடம் யாரோ ஒரு கம்ப்யூட்டர் கொடுத்திருந்தார்கள். போன புதன்கிழமை சும்மா எட்டிப் பார்க்க வந்தபோது அவர் கவனித்தார்: அது கேட்காமலேயே இரண்டு வகையையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுக் காட்டுகிறது. அன்றிலிருந்து அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"என்ன மாப்ளே, பொண்ணு இன்னும் வரலையா?" என்றார் பக்கத்து நாற்காலி பஸ் டிரைவர். அவரும் ஓய்வு பெற்றவர்தான், டோக்கன் பதினெட்டு. இந்த அறையில் யாருக்கும் விஷயம் தெரியாது. தனித்தனியாக வந்தாலும் இவர்கள் ஒரே வீட்டிலிருந்து வருகிறவர்கள், அம்மாளுக்குக் கொஞ்சம் மெதுவான நடை என்றே எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

"வருவா."

"என் வீட்டுக்காரி ஒரு தடவை வந்தா. இவ்வளவு வரி கட்டறியா, அப்ப வீட்டுக்கு மட்டும் ஏன் இவ்வளவு கம்மியா கொடுத்தேன்னு அங்கேயே புடிச்சுக்கிட்டா. அதோட நான் கூட்டிட்டு வர்றதில்ல."

அட்டவணைக்காரர் சிரித்துவைத்தார். பிறகு எழுந்து டீச்சர் மேசைக்குப் போய்க் குரலைத் தாழ்த்தினார். "எங்களுத மட்டும் எப்பவும் போலக் கையாலயே போட்டுடலாமா டீச்சர்?"

டீச்சர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "ஏன் சார், உங்க கணக்கு கம்ப்யூட்டரைப் பார்த்தா வெக்கப்படுமா?"

திரும்பி வந்து உட்கார்ந்தார். கீழே யாரோ குதித்தார்கள். சத்தம் மிகத் தாமதமாக, பஞ்சில் சுற்றியது போல மேலே வந்தது. கூரையில் வெளிச்சம் உடைந்து, சிதறி, மெல்லக் கூடிக்கொண்டது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தவருக்கு, வண்டிகள் எல்லாம் தண்ணீருக்கடியில் ஓடுவது போலவும், எந்த வண்டிக்கும் எந்த நிலையத்திலும் நேரமே குறிக்கப்படாதது போலவும் ஒரு நினைப்பு வந்தது. பயமாக இல்லை. வண்டிகள் நின்ற இடத்தில் நின்றன, கிளம்பத் தோன்றியபோது கிளம்பின. அவற்றில் ஒன்றின் ஜன்னலோரம் அம்மாள் உட்கார்ந்து எதையோ மடித்துக்கொண்டிருந்தார்.

கண்ணைத் திறந்தால் பக்கத்தில் நிஜமாகவே உட்கார்ந்திருந்தார். வெட்டிவிட்ட நரைமுடி, சோப்புத் தூள் வாசனை, மடியில் துணிப்பை. இவர் கையிலிருந்த டோக்கனை எடுத்து நான்காக மடித்துக்கொண்டிருந்தார். கைக்கு எது கிடைத்தாலும் மடிப்பது அவர் வழக்கம்.

"எப்ப வந்தே?"

"நீங்க வாயைத் திறந்துட்டுத் தூங்கறப்ப." ஏற இறங்கப் பார்த்தார். "இளைச்சுட்டீங்க."

"இல்ல, சட்டை பெருசு."

"சட்டை நான் எடுத்துக் கொடுத்தது. அப்ப சரியா இருந்துச்சு."

அவர் பேச்சை மாற்றினார். தங்கை எப்படி இருக்கிறாள் என்று கேட்டார். முழங்கால் வலி, வாய் மட்டும் நன்றாக இருக்கிறது என்றார் அம்மாள். இருவரும் சேர்ந்து கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார்கள். மேசை முன்னால் உட்கார்ந்திருக்கும் எண் பதினாறு இப்படியே சாயங்காலம் வரை எழுந்திருக்காமல் இருந்தால் நன்றாயிருக்கும் என்று அவருக்குப் பட்டது.

"பதினேழு" என்று கூப்பிட்டார்கள்.

"போங்க, மேடை காலியா இருக்கு" என்றார் டிரைவர்.

டீச்சர் இருவருடைய பென்ஷன் சீட்டுகளையும் வங்கித் தாள்களையும் வாங்கி, ஒற்றை விரலால் தட்டித் தட்டி எண்களை ஏற்றினார். அட்டவணைக்காரர் அந்த விரலையே பார்த்தார். கடைசியாக ஒரு தட்டு தட்டிவிட்டு டீச்சர் திரையை உற்றுப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"அம்மா, நீங்க தனித்தனியா போடறதுதான் நல்லதுன்னு இது சொல்லுது. ரெண்டு பேருக்குமா ஒன்பதாயிரத்து நானூறு மிச்சமாகும். அதுல ஏழாயிரம் உங்களுது."

"இந்த வருஷம் மட்டுமா?" என்று கேட்டார் அம்மாள்.

"பழசெல்லாம் நான் இப்படிப் போட்டுப் பார்க்கலம்மா. தெரியாது."

ஆமாம், இந்த வருஷம்தான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். யாரும் தோண்டப் போவதில்லை. போன நான்கு வருடமாவது பத்திரமாக இருக்கும். அட்டவணைக்காரர் வாயைத் திறந்தார். மேசை மேல், தாள்கள் மேல், அம்மாளுடைய கைகள் மேல் தண்ணீரின் வெளிச்சம் ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் கைகள் எதையும் மடிக்காமல் சும்மா இருந்தன.

"நாலு வருஷமா" என்றார்.

"என்னது?"

"நாலு வருஷமாவே தனியா போட்டாத்தான் குறைவு. வீட்ல பென்சிலால போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு வருஷமும்."

"சொல்லலையே."

"சொல்லல."

"ஏன்?"

டீச்சர் மேசை இழுப்பறையைத் திறந்து, இல்லாத குண்டூசியைத் தேட ஆரம்பித்தார்.

"சொன்னா நீ வரமாட்டே" என்றார் அவர். "தனித்தனியான்னா நீ எந்தப் புதன்கிழமை வேணும்னாலும் வரலாம். எனக்கு எந்தப் புதன்கிழமைன்னு தெரியாது."

அம்மாள் அவரையே பார்த்தார். கோபமா, வேறு ஏதாவதா என்று அவருக்குப் பிடிபடவில்லை. முப்பது வருடம் சேர்ந்து வாழ்ந்தும் அந்தப் பார்வையைப் படிக்க அவர் கற்றுக்கொண்டதில்லை.

"போன வருஷம் கீழ்ப்பல்லு ரெண்டு எடுத்தாங்க" என்றார் அம்மாள், சத்தமே இல்லாமல். "செயற்கைப் பல்லு கட்டக் காசு பத்தல, அப்புறம் பார்க்கலாம்னு விட்டுட்டேன். ஒரு பக்கமாத்தான் மெல்லறேன். தங்கச்சி கேட்டா பசியில்லம்பேன்."

அட்டவணைக்காரர் மேசையிலிருந்த தாள்களைப் பார்த்தார். தான் பென்சிலால் போட்ட எண்களில் பல் என்று ஒன்று இருக்கும் என்று அவர் நினைத்துப் பார்த்ததே இல்லை. ஒரு நாளை வைத்துக்கொண்டோம், அதற்கு விலை தன் தூக்கம்தான் என்று நம்பிக்கொண்டிருந்தார்.

"எனக்குத் தெரியாது" என்றார்.

"எப்படித் தெரியும். வருஷத்துக்கு ஒரு காபி குடிச்சா பல்லு தெரியுமா." டீச்சர் பக்கம் திரும்பினார். "தனியாவே போடுங்கம்மா."

இயந்திரம் இரண்டு படிவங்களைத் துப்பியது. ஆளுக்கொன்று. எப்போதும் ஒரே தாளில் மேலும் கீழுமாக விழுகிற கையெழுத்துகள் இன்றைக்கு வேறு வேறு தாள்களில் விழுந்தன. பதினெட்டு என்று கூப்பிடப் போன டீச்சர், பாதியில் நிறுத்தினார்.

"பழைய நாலு வருஷத்தையும் திருத்திக் கொடுக்கலாம்மா. கூடக் கட்டினது திரும்ப வரும். ஆனா அதெல்லாம் சேர்த்துப் போட்ட கணக்கு. திருத்தறதுக்கும் ரெண்டு பேரும் நேர்ல வரணும். கூட்டத்தைப் பாருங்க, ஒரு புதனுக்கு ஒரு வருஷம்தான் என்னால முடியும்."

அம்மாள் விரல் விட்டு எண்ணினார். "நாலு புதன்."

அட்டவணைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். நெஞ்சுக்குள் ஏதோ துள்ளியது. அது துள்ளியதற்காக அவருக்கு வெட்கமாக இருந்தது. திருடினவனுக்கே திருட்டுப் பொருளில் பங்கு கொடுத்தது போல இருந்தது.

"பழைய சீட்டெல்லாம் எங்க?" என்றார் அம்மாள்.

"வீட்ல. வருஷ வாரியா கட்டி வெச்சிருக்கேன். அடுத்த புதன் எடுத்துட்டு வந்துடறேன்."

"நீங்க கொண்டு வர்ற தாளை நான் இனிமே நம்பறதா? நானே வந்து எடுத்துக்கறேன். இன்னிக்கே."

"வீடு அப்படியே கெடக்கு."

"நான் என்ன பெண் பார்க்கவா வர்றேன்."

படியிறங்கினார்கள். குளத்தோரக் கடையைத் தாண்டும்போது அம்மாள் நிற்கவில்லை. அவரும் கேட்கவில்லை. மதிய வெயிலில் தெரு வெளுத்து, ஆளரவமில்லாமல், யாரோ பாதி வரைந்துவிட்டுப் போனது போலக் கிடந்தது. பேருந்து வந்தது. பதினோரு வருடத்தில் முதல் தடவையாக இருவரும் ஒரே பேருந்தில் ஏறினார்கள். இடம் கிடைத்தது. அம்மாள் ஜன்னலோரம் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். கட்டிடங்கள் அவர் முகத்தில் நிழலாக ஏறி இறங்கின. தூங்கிவிட்டார் போலிருக்கிறது என்று இவர் நினைத்தார்.

"முதல் வருஷம் எனக்கு எவ்வளவு போச்சு?" என்றார் கண்ணைத் திறக்காமல்.

"நாலாயிரத்து இருநூத்திப் பதினெட்டு."

"சரியாத் தெரியுமா, சும்மா சொல்றீங்களா?"

"கிழிச்சுப் போட்டுட்டேன். ஆனா மறக்கல."

பேருந்து ஒரு வளைவில் மெல்லச் சாய்ந்து நிமிர்ந்தது. அம்மாள் தோள் அவர் தோளில் வந்து இடித்தது. மன்னிப்புக் கேட்கவும் இல்லை, நகரவும் இல்லை.

"ரெண்டாவது வருஷம்?"

"ஐயாயிரத்து முப்பத்தாறு."

"ம்" என்றார் அம்மாள். "மெதுவாச் சொல்லுங்க. அவசரமில்ல. அடுத்தது?"