தொடாமல் விட்ட புள்ளி

முதல் விசாரணையில் அவளால் வாயே திறக்க முடியவில்லை. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பதினோரு வருடம் வேலை பார்த்தவள். இரண்டு நோயாளிகளின் ரத்த மாதிரிக் குப்பிகளில் பெயர்ச்சீட்டு மாறிப்போய், ஒருவருக்குத் தேவையில்லாத மருந்து ஏறிவிட்டது. மாற்றி ஒட்டியவர் கூடத்தின் தலைமை அதிகாரி. அவள் சாப்பிடப் போயிருந்தபோது அவளுடைய மேசையில் உட்கார்ந்து அவசர அவசரமாக ஒட்டினார். திரும்பி வரும்போது அவள் கண்ணால் பார்த்தாள். ஆனால் அவளுடைய மேசை என்பதால் பழி அவள்மேல் விழுந்தது; விசாரணை அறையில் நெஞ்சு படபடத்ததில் அதைச் சொல்ல வரவில்லை.

"கை எப்படி நடுங்குது பாருங்க. இந்தக் கைய நம்பியா ஊசியக் குடுக்கறது?" என்றார் அதிகாரி. அறையே சிரித்தது.

அவளை அடித்தளத்துப் பழைய கோப்பு அறைக்கு மாற்றினார்கள். அங்கேதான் அதிகாரியின் கெட்ட நேரம் ஆரம்பித்தது. பெயர்ச்சீட்டு அச்சடிக்கும் எந்திரம், எந்த மேசையில், எந்த நிமிடம், யார் சீட்டு எடுத்தார்கள் என்று பதிவு வைக்கும். அந்தப் பதிவுகள் மாதாமாதம் கட்டுக்கட்டாக அந்த அறைக்கு வந்து விழும். ஒன்பதாம் நாள், சீட்டு மாறிய அன்றைய தாள் அவள் கையில் கிடைத்தது. ஒரு மணி பன்னிரண்டு நிமிடம், அவளுடைய மேசை, அதிகாரியின் பெயர்.

மேல்முறையீடு எழுதிப் போட்டாள். ஏழு வாரம் கழித்து விசாரணை என்று பதில் வந்தது. அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. மறுபடி அந்த அறை, மறுபடி அந்தச் சிரிப்பு என்று நினைத்தாலே உள்ளங்கை ஈரமாகிவிடும்.

"தாள நீட்டிட்டு வந்துட வேண்டியதுதானே?" என்றான் கணவன்.

"நீட்டினா போதாது. அந்தாள் முகத்தப் பாத்து நான் பேசணும்."

நாத்தனார் சொல்லித்தான், உடம்பின் புள்ளிகளில் ஊசி குத்திச் சீன வைத்தியம் பார்க்கும் ஓர் அம்மாவிடம் போனாள். மருந்துக்கடை மாடியில் ஒரே ஒரு அறை, ஒரு கட்டில். அந்த அம்மா ஊசியை எடுக்கவில்லை. அவள் கையைத் திருப்பி, மணிக்கட்டு ரேகையிலிருந்து மூன்று விரல் தள்ளி, இரண்டு நரம்புக்கு நடுவே கட்டைவிரலை வைத்தார்.

"இது படபடப்புக்கு. அழுத்திட்டு மூச்ச மெதுவா விடு. உள்ளங்கால்ல இந்தக் குழி இருக்குல்ல, இது பயத்துக்கு. தினமும் ராத்திரி வெந்நீர்ல கால வெச்சுட்டுத் தேய்." பிறகு பாதத்தின் மேல்பக்கம், பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே தொட்டார். அவள் துள்ளிவிட்டாள். "வலிக்குதா? கோபம் மொத்தமும் இங்கதான் கட்டி நிக்குது. இதையும் சேத்துத் தேச்சுவிட்டா இறங்கிடும்."

"அது மட்டும் வேணாம்மா."

"ஏன்?"

"அது எனக்குத் தேவைப்படுது."

அந்த அம்மா அவளை உற்றுப் பார்த்தார். "உன் உடம்பு, உன் இஷ்டம்," என்று காலை விட்டுவிட்டார்.

ஏழு வாரமும் ஒரு நாள் தவறவில்லை. பேருந்தில் மணிக்கட்டு, தொலைக்காட்சி ஓடும்போது உள்ளங்கால். "வாணலியக் கூட இவ்வளவு தேய்க்க மாட்டியே," என்று கணவன் கிண்டல் செய்தான். மூன்றாம் வாரம் பசித்தது. ஐந்தாம் வாரம் தூக்கம் வந்தது. பயம் வடிய வடிய, அடியில் கிடந்த கோபம் சுத்தமாகத் துலங்கியது.

விசாரணை நாளில் மேசைக்கு எதிரே மூன்று பேர். பக்கத்தில் அதிகாரி, பழைய சிரிப்போடு. அவள் மேசைக்கடியில் மணிக்கட்டை அழுத்தி மூன்று முறை மூச்சு விட்டாள். பிறகு தாளை எடுத்து வைத்தாள். கை அசையவில்லை.

"சார், அன்னிக்கு ஒரு மணி பன்னிரண்டுக்கு நீங்க எங்க இருந்தீங்க?"

"என் ரூம்ல."

"அப்ப என் மேசையில உங்க பேர்ல சீட்டு எடுத்தது யாரு?"

சிரிப்பு நின்றது. பதிவில் தப்பிருக்கும் என்றார், ஞாபகமில்லை என்றார், வேலைப்பளு என்றார். ஒவ்வொன்றுக்கும் அவள் அடுத்த கேள்வியை அவசரமில்லாமல் வைத்தாள். அவர் தண்ணீர் குடிக்கப் போய்ச் சட்டையில் கொட்டிக்கொண்டார்.

"கை நடுங்குதே சார்," என்றாள்.

எங்கே அழுத்தினால் அந்த நடுக்கம் அடங்கும் என்று அவளுக்குத் தெரியும். சொல்லவில்லை. நன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பத்தே நாளில் அவரைப் பணியிலிருந்து நிறுத்திவைத்தார்கள். அவள் கூடத்துக்குத் திரும்பினாள். ஒரு காலை நேரம் அவர் வாசலில் காத்திருந்தார். சவரம் செய்யாத முகம்.

"எனக்கு எதிரா உனக்குப் புகார் ஒண்ணும் இல்லன்னு ஒரு வரி எழுதிக் குடும்மா. இன்னும் மூணு வருஷம்தான் சர்வீஸ் இருக்கு."

"அந்த மருந்து ஏறின ஆள் வீட்ல போய்க் கேட்டீங்களா?"

அவர் வழியை விட்டு நகரவில்லை. வேலைக்கு வந்தவர்கள் ஒதுங்கி நின்று வேடிக்கை பார்த்தார்கள். அவர்களைக் கலைந்துபோகச் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

"வழிய விடுங்க சார், சாம்பிள் காத்திருக்கு," என்று உள்ளே போனாள்.