ஈர நெல்லுக்குப் பகல் கரண்ட்

கொள்முதல் நிலையத்துக் கிளார்க் ராஜராஜன் ஈரம் பார்க்கிற மீட்டரின் கிண்ணத்தில் ஒரு பிடி நெல்லைப் போட்டு மூடியைத் திருகினார். எண் ஓடி நிற்கிறவரை பொன்னுத்தாய் அவர் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். இருபத்தொன்று புள்ளி நாலு என்று நின்றது.

"பதினேழு வரைக்கும்தான் ஈரம் இருக்கலாம். அதுக்கு மேல நான் எடுக்க முடியாதும்மா. காயவச்சுக் கொண்டாங்க."

"எங்க சார் காயவைக்கிறது? காலையில ரெண்டு மணி நேரம் வெயில் காட்டுது, சாயங்காலம் ஊத்து ஊத்துன்னு ஊத்துது. ரோட்டுல கொட்டினா பஸ்காரன் ஏசுறான்."

ராஜராஜன் கிண்ணத்து நெல்லைத் திரும்ப அவள் பையில் கொட்டினார். அவளுக்குப் பின்னால் பதினாறு பேர் மஞ்சப்பையில் மாதிரி நெல்லை வைத்துக்கொண்டு நின்றார்கள். கொள்முதல் நிலையத்துக் களத்தின் ஓரத்தில், புத்தம்புது நீலப் படுதாவைப் போர்த்திக்கொண்டு ஆளுயரத்துக்கு ஒரு மிஷின் நின்றது.

"அது நெல்லு காயவைக்கத்தானே சார் வந்துச்சு?"

"ஆமா. அதுக்கு இன்னும் கரண்ட் கனெக்‌ஷன் கொடுக்கல. எழுதிப் போட்டிருக்கு."

"எப்ப எழுதுனீங்க?"

"மூணு வருஷம் ஆச்சு. அடுத்த ஆள் வாங்க."

மன்னார்குடிக்குத் தெற்கே அந்த ஊரில் பொன்னுத்தாய்க்குச் சொந்தமாக ஒரு குழி நிலம்கூடக் கிடையாது. மூன்று மா, அதாவது ஓர் ஏக்கர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, புருஷன் போன பிறகும் ஆறு வருஷமாகத் தனியாளாய் உழுகிறாள். குறுவையை இரண்டு மழைக்கு நடுவில் மிஷின் வைத்து அறுத்ததில் முப்பத்திரண்டு மூட்டை கண்டது. வாசலில் குவித்து இன்றோடு நாலு நாள். காலையில் குவியலுக்குள் கையை விட்டபோது கஞ்சிப் பானை மாதிரி சுட்டது. இன்னும் நாலு நாள் போனால் முளை விட்டுவிடும். முளைத்த நெல்லை யார் எடுப்பார்கள்? நிலத்துக்காரர் போன வாரமே வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனார்: குறுவைக் குத்தகை வந்து சேராவிட்டால் அடுத்த போகமான தாளடிக்கு நிலம் வேறு ஆளுக்கு. நிலம் போனால் அவள் மறுபடியும் கூலிக்குத்தான் போக வேண்டும். நடவுக்கும் அறுப்புக்கும் மிஷின் வந்துவிட்ட ஊரில் கூலி எங்கே இருக்கிறது?

அவளுடைய பழைய படுதா நடுவில் கிழிந்திருந்தது. அதைச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு, தைத்து வாங்க நேரே ஹஃப்ஸா வீட்டுக்குப் போனாள்.

ஹஃப்ஸா துணி தைக்கிறவள். அவள் புருஷன் சலாஹுதீன் குவைத்தில் இருக்கிறார். போன வருஷம் லீவில் வந்தபோது மாடி முழுக்கச் சோலார் தகடு போட்டுவிட்டுப் போனார். மகள் ஹாஸ்டலில் இருப்பதால் அவ்வளவு பெரிய வீட்டில் ஹஃப்ஸா ஒருத்திதான். ஆனால் காலை பத்திலிருந்து மூன்று மணி வரைக்கும் அந்த வீட்டில் ஏசியைத் தவிர ஓர் எந்திரமும் சும்மா இருக்காது. மோட்டார் ஓடும், கிரைண்டர் சுற்றும், வாஷிங் மெஷின் ஆடும், தையல் மெஷின் தடதடக்கும். நாலு வீட்டுத் துணிக்கு அவளே இஸ்திரி போட்டுக் கொடுப்பாள். அப்படியும் தீராது.

"பாருங்கக்கா," என்று போனைக் காட்டினாள். அதில் வீட்டிலிருந்து கம்பத்தைப் பார்த்து ஒரு பச்சை அம்பு ஓடிக்கொண்டிருந்தது. "நான் என்ன குட்டிக்கரணம் போட்டாலும் பாதிக்கு மேல வெளியில போவுது. நம்ம தெரு, அப்புறம் கொள்முதல் நிலையத்துக் கம்பம், அப்படியே ஊரைத் தாண்டிப் போயிடும். அங்க போறதுக்கு நம்மளே செலவழிச்சா என்ன?"

பொன்னுத்தாய் கம்பத்தைப் பார்க்கவில்லை. ஹாலில் ஃபேனுக்கு அடியில் விரித்திருந்த தடிமனான ஜமுக்காளத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இத எப்ப துவைச்ச?"

"காலையிலதான். மழைன்னு உள்ள போட்டேன்."

"காஞ்சிருக்கே." அவள் ஹாலை ஒரு சுற்றுப் பார்த்தாள். கேட்க நாக்கு கூசியது. கேட்டும்விட்டாள். "ஏம்மா ஹஃப்ஸா, என் நெல்ல இங்க கொண்டாந்து பரப்பிக்கட்டுமா?"

ஹஃப்ஸா வெள்ளை டைல்ஸைப் பார்த்தாள். அதைப் பதித்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

"கொண்டாங்கக்கா. செருப்ப மட்டும் வெளியில விட்டுடுங்க."

முப்பத்திரண்டு மூட்டையும் அன்றைக்கே வந்து இறங்கியது. ஹால், இரண்டு படுக்கையறை, போர்டிகோ என்று மூன்று விரல் கனத்துக்குப் பரப்பினார்கள். சமையலறைக்குப் போக மட்டும் ஓர் ஆள் நடக்கிற வழி விட்டார்கள். பள்ளிவாசலில் கேட்டு நாலு பெரிய ஸ்டாண்ட் ஃபேன் வந்தது. வீடு முழுக்க ஈர நெல்லின் புளித்த வாடை ஏறியது. வீடியோ காலில் சலாஹுதீன் பார்த்துவிட்டு, "என்ன புள்ள இது, வீடா களமா? என் டைல்ஸ்!" என்று கத்தினார்.

"டைல்ஸ் முளைக்காதுங்க. நெல்லு முளைச்சிடும். சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள் ஹஃப்ஸா.

வேகத்தில் முதல் நாளே ஒரு தப்புப் பண்ணினார்கள். கூடுதல் நேரம் ஓடினால் கூடுதலாய்க் காயும் என்று ஜன்னலையெல்லாம் திறந்துவிட்டு ராத்திரி முழுக்க ஃபேனை ஓடவிட்டார்கள். விடிந்ததும் பொன்னுத்தாய் ஒரு நெல்லை எடுத்துக் கடவாய்ப் பல்லில் வைத்துக் கடித்தாள். நறுக்கென்று உடைய வேண்டியது மெத்தென்று நசுங்கியது.

"பாவி மனுஷி நான்! ஐப்பசி மாசத்து ராக்காத்து முழுக்கத் தண்ணி. வயக்காட்டுல பொழுது சாஞ்சா பொழுது சாஞ்சா குவிச்சு மூடுறவ, வீட்டுக்குள்ள வந்ததும் மறந்துட்டேனே!" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

"ராத்திரி ஓடுனது நம்ம கரண்டும் இல்லக்கா, லைன்லேருந்து வந்தது," என்றாள் ஹஃப்ஸா. "காத்தும் இரவல், கரண்டும் இரவல். இனிமே பகல் மட்டும்தான்."

அன்றிலிருந்து ஒரு முறை வந்தது. பத்து மணிக்கு ஃபேன். படுக்கையறை இரண்டிலும் ஜன்னலைச் சாத்தி ஏசி. அரை மணிக்கு ஒரு தடவை பொன்னுத்தாய் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நெல்லுக்குள் கால்களை இழுத்து இழுத்து நடந்து சால் போடுவாள். மூன்று மணிக்கு எல்லாவற்றையும் நிறுத்திக் குவித்து மூடிவிடுவார்கள். ஏசியின் தண்ணீர்க் குழாய்க்கு அடியில் ஹஃப்ஸா ஒரு வாளி வைத்தாள். மத்தியானம் ஒரு மணிக்குள் அது பாதி நிறைந்தது. பொன்னுத்தாய் விரலை நனைத்துப் பார்த்தாள்.

"இதெல்லாம் என் நெல்லுல இருந்த தண்ணியா?"

"வேற யாரு தண்ணி? நான் ஏசியைப் போட்டே ஆறு மாசம் ஆவுது."

பொன்னுத்தாய்க்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. வாளியைத் தூக்கிப்போய் முருங்கைக்கு ஊற்றினாள்.

மூன்றாம் நாள் வெயில் பளீரென்று அடித்தது. பதினொரு மணிக்கு எல்லா ஃபேனும் ஒன்றாக நின்றன. லைனில் வேலை, நாலு மணி வரை கரண்ட் கிடையாது என்று தெருவில் சொன்னார்கள்.

"நமக்கென்ன, மேலதான் தகடு இருக்கே. வெயிலும் கொளுத்துதே!"

"அதுவும் ஓடாதுக்கா. லைன் செத்தா நம்மளுதும் நின்னுடும். கம்பத்துல வேலை செய்யிற ஆளுக்கு இங்கேருந்து ஷாக் அடிச்சிடக் கூடாதுல்ல? பேட்டரி வச்சாதான் ஓடுமாம். நம்மகிட்ட அது இல்ல."

பொன்னுத்தாய் நின்றுபோன ஃபேனை முறைத்தாள். பிறகு கூடையை எடுத்தாள். அந்த வெயிலை விடுவதா? இரண்டு பேருமாக முப்பத்திரண்டு மூட்டை நெல்லையும் கூடை கூடையாய் மாடிக்கு ஏற்றி, தகடுகளுக்கு நடுவில் கிடைத்த இடத்திலெல்லாம் கொட்டினார்கள். மூன்றரைக்கு மேகம் கட்டியது. மறுபடியும் கூடை கூடையாய் இறக்கினார்கள். ஹஃப்ஸாவுக்கு அன்றைக்குத் தையல் மெஷினை மிதிக்கக் கால் வரவில்லை.

ஐந்தாம் நாள் மத்தியானம் பொன்னுத்தாய் ஒரு நெல்லைக் கடித்தாள். நறுக்கென்று இரண்டாய் உடைந்தது. ஹஃப்ஸாவுக்கும் ஒன்று கொடுத்தாள். அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டுத்தான் வண்டிக்குச் சொல்லி அனுப்பினாள்.

பையில் கொண்டுபோகிற நெல்லில் பார்ப்பது முன்சோதனைதான்; முழு நெல்லையும் களத்தில் கொட்டிய பிறகு பார்க்கிற மீட்டர்தான் கணக்கு. வண்டிக்காரர் கொட்டிவிட்டு அடுத்த வாடகைக்குப் போய்விட்டார். ராஜராஜன் குவியலின் மேலே ஒரு பிடி, நடுவே ஒரு பிடி, அடியில் ஒரு பிடி எடுத்துக் கிண்ணத்தில் போட்டார். பதினாறு புள்ளி ஏழு. மீட்டரைத் தட்டிவிட்டு மறுபடியும் போட்டார். அதே எண்.

"இந்த மழையில எப்படிம்மா காயவச்ச?"

"கரண்டுல சார்," என்றாள் பொன்னுத்தாய். கூடவே வந்திருந்த ஹஃப்ஸா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"நெல்லு நல்லா இருக்கு. ஆனா மூட்டை பிடிக்கச் சாக்கு வரல. நாளைக்கோ நாளன்னைக்கோ வரும். அதுவரைக்கும் இங்கயே கிடக்கட்டும். நனைஞ்சா மட்டும் திரும்ப மீட்டர் போடணும்."

"சாக்கு இல்லன்னு நேத்தே சொல்லியிருந்தா நான் வீட்டுலயே வச்சிருப்பேனே சார்!"

"நேத்து எனக்கே தெரியாதும்மா."

சொல்லி வாய் மூடவில்லை, முதல் தூறல் விழுந்தது. பொன்னுத்தாய் தன் படுதாவை உதறி விரித்தாள். ஹஃப்ஸா தைத்த தையல் தாங்கியது. ஆனால் படுதா குவியலின் பாதிக்குத்தான் எட்டியது. மறுபாதியில் சொட்டுச் சொட்டாய் ஈரம் விழ ஆரம்பித்தது. அவள் சுற்றிலும் பார்த்தாள். பிறகு களத்தின் ஓரத்துக்கு ஓடி, மிஷினைச் சுற்றிக் கட்டியிருந்த நைலான் கயிற்றைப் பல்லால் கடித்து அவிழ்த்தாள்.

"ஏம்மா, ஏம்மா! அது ஆபீஸ் சொத்து! மிஷின் நனைஞ்சிடும்!" ராஜராஜன் வராந்தாவிலிருந்து கத்தினார்.

"நனையட்டும் சார். அது முளைக்காது."

ஹஃப்ஸா ஓடிவந்து மறுமுனையைப் பிடித்தாள். இரண்டு பேருமாக நீலப் படுதாவை இழுத்துக்கொண்டு வந்து நெல்லின் மேல் போட்டார்கள். தரை வரைக்கும் தாராளமாய் இறங்கியது. ஓரத்தில் கல்லை வைத்துவிட்டு, காற்றில் கிளம்பாமல் இருக்க படுதாவின் மேலேயே ஏறி உட்கார்ந்தாள் பொன்னுத்தாய். மழை வலுத்தது.

எதிரே மிஷின் நனைந்துகொண்டு நின்றது. சுவிட்ச் பெட்டியின் பிளாஸ்டிக் உறையை யாரும் இன்னும் பிரிக்கவில்லை. பக்கத்தில் வளையமாய்ச் சுருட்டிக் கட்டிய புது வயர் தொங்கியது. அதன் நுனியிலிருந்து பத்தடி தூரத்தில், ஹஃப்ஸா வீட்டுத் தெருவிலிருந்து லைன் வருகிற மின்கம்பம் இருந்தது.