காவிரிப் பாலத்தில் ஒரு பழைய சேலை

1
இந்தக் கதை எனக்கு பஸ் ஜன்னலில் கிடைத்தது. 1958. காவிரிப் பாலத்தில் ஒருவன் சைக்கிள் மிதித்துப் போனான். பின்னால் வாழையிலைக் கட்டு. மார்பில், பழைய சேலையால் கட்டிய குழந்தை. பஸ் முந்திவிட்டது. நான் கண்டது அவ்வளவுதான். மற்றதெல்லாம் இங்கே நாக்பூரில், தமிழில் பேச ஆளில்லாத ஓர் அறையில் நானாகச் சேர்த்தது.

2
‘மனைவியை இழந்த காத்தமுத்து...’

அந்த வரியை அடித்துவிட்டேன். ஒரு பெண்ணைச் சாகடித்தால் கதை சுலபமாக நகரும். எனக்கு அந்தச் சுலபம் வேண்டாம். வேலம்மாள் உயிரோடு இருக்கிறாள், காசநோய் ஆஸ்பத்திரியில். ஆறு மாதம் அங்கேதான். கைக்குழந்தையை அவள் பக்கத்தில் கொண்டுவரக் கூடாது.

ஆகவே ஸ்ரீரங்கத்தில் இலை அறுத்துத் திருச்சி ஓட்டல்களுக்குப் போடும் காத்தமுத்து, மகளையும் மார்பில் கட்டிக்கொண்டு போகிறான். ஓட்டல்காரர் பஷீர் அகமது கேட்டார்: “என்னப்பா, எலையோட புள்ளையும் சேத்து விக்கிறியா?”

“இதுல சோறு போட முடியாது பாய். இதுதான் சோறு கேக்கும்.”

3
சேலை வேலம்மாளுடையது. அதில் கட்டினால் பாலம் தாண்டுவதற்குள் குழந்தை தூங்கிவிடும். ஒருநாள் நர்ஸ், நோயாளி உடுத்திய துணி எல்லாவற்றையும் கொதிக்க வைக்கச் சொன்னாள். காத்தமுத்து சேலையையும் சவுக்காரம் போட்டு அவித்துவிட்டான். அம்மா வாசனை போய்விட்டது. மறுநாள் முதல் குழந்தை அதற்குள் அடங்கவில்லை. வழியெல்லாம் வீறிட்டது.

தொட்டியத்திலிருந்து வந்த அவன் அக்கா மாரியாயி அதைப் பார்த்தாள். அவளுக்குப் பிள்ளை இல்லை.

“ஆம்பள நெஞ்சுல புள்ளைக்கு என்னடா இருக்கு? வர்ற ஞாயித்துக்கெழம வருவேன். அப்பவும் இப்படியே அழுதா எங்கிட்டக் குடுத்துரு.”

கொடுத்தால் திரும்பி வராது என்று அவனுக்குத் தெரியும். (மாரியாயியைக் கெட்டவளாக்க மூன்று தடவை முயன்றேன். பையில் ஒரு கிலுகிலுப்பை கொண்டுவந்திருந்தாள். முடியவில்லை.)

4
[இந்த இடத்தில் ஒரு பெரியவர் வந்து யோசனை சொன்னார். அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன். காத்தமுத்துவுக்கே மூளை இருக்கிறது.]

பக்கத்து வீட்டு லூர்துமேரியிடம் கெஞ்சி, மூன்று நாள் குழந்தையை விட்டான். வெறும் சேலையை மார்பில் கட்டிக்கொண்டு மிதித்தான். கடைத்தெரு சிரித்தது. புள்ளையை எங்கே தொலைத்தாய் என்று கேட்டது. அவன் நிற்கவில்லை. வியர்வையும் வாழைச்சாறும் துணியில் ஊறின. நாலாம் நாள் குழந்தையை உள்ளே வைத்தான். முகர்ந்தது. முனகியது. பாலத்து நடுவில் தூங்கிப்போனது.

நான் பஸ்ஸிலிருந்து பார்த்தது அந்தக் காலையைத்தான். அப்படித்தான் முடிவு செய்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மாரியாயி வந்தாள். தூங்கும் குழந்தையை நெடுநேரம் பார்த்தாள். கிலுகிலுப்பையைச் சைக்கிள் ஹாண்டில்பாரில் கட்டினாள்.

“பள்ளம் மேடு பாத்து மிதி.”

5
இங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் வேலம்மாள் குணமாகிவிட்டாளே. ஆஸ்பத்திரி வாசலில் கையை நீட்டுகிறாள். குழந்தை அவளிடம் தாவுவதாக எழுதினேன். எனக்கே நம்பிக்கை வரவில்லை. குழந்தை வீறிட்டு அப்பன் மார்பில் ஒட்டிக்கொள்வதாக எழுதினேன். அப்போது வேலம்மாளின் முகம்...

அந்த வாக்கியம் அப்படியே கிடக்கட்டும்.

காத்தமுத்து ஒரு கையால் குழந்தையை அணைத்துக்கொண்டு மறு கையால் முடிச்சை அவிழ்த்தான். அழுக்கேறிய சேலையை அவள் தோளில் போட்டான்.

“மொதல்ல இத ரெண்டு நாளு கட்டிக்க. புள்ள தானா வரும்.”

அவள் அதை முகர்ந்து பார்த்தாள். சிரித்தாளா, அழுதாளா, எனக்குத் தெரியாது. என் பஸ் எப்போதோ பாலத்தைத் தாண்டிவிட்டது. நீங்கள் இன்னும் வாசலில்தான் நிற்கிறீர்கள். பார்த்துக்கொள்ளுங்கள்.