நீலக் கட்டம் போட்ட பிடி

பொத்தான்களை வெட்டி எடுக்கும்போதுதான், அந்தச் சட்டைகளைப் போட்டிருந்த பெண் இடது தோளில் பை மாட்டுகிறவள் என்பது பிடிக்காரிக்குத் தெரிந்தது. ஐந்து பள்ளிச் சீருடைச் சட்டைகள், வெள்ளையில் நீலக் கட்டம் போட்டவை. ஐந்திலும் இடது தோள் மட்டும் நைந்து நூல் தெரிந்தது. காலர் நுனிகளில் பல் பட்ட பிசிறு. யோசிக்கும்போது காலரைக் கடிப்பாள் போலிருக்கிறது. ஒரு சட்டையின் கைமடிப்பில் மை கொட்டி, யாரோ எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்த்தும் போகாமல் மங்கலாக நின்றிருந்தது. பொத்தான்களை ஒரு டப்பாவில் போட்டு மூடிவிட்டு, கத்தரிக்கோலைக் கையில் வைத்தபடி அவள் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தாள். முதல் வெட்டுக்குக் கை வரவில்லை.

கத்திக்குப் பிடி போடுவதால் அவளுக்கு அந்தப் பெயர். பிடிவாதக்காரிக்குப் பொருத்தமான தொழில் என்பான் அவள் புருஷன். அதற்கு முன்பு பதினான்கு வருஷம் செயற்கைக் கால் செய்யும் பட்டறையில் இருந்தாள். துணியை அடுக்கடுக்காக ரெசின் பசையில் நனைத்து, மிச்சக் கால் பொருந்தும் கிண்ணம் செய்வது அங்கே அவள் வேலை. இறுகிவிட்டால் அந்தத் துணி ஓர் ஆளின் பாரத்தைத் தாங்கும். பட்டறையை மூடியதும், கத்தி அடிக்கிற அவள் அண்ணன் கூப்பிட்டான். கத்தி நான் அடிக்கிறேன், பிடி நீ போடு என்றான். மரத்திலும் கொம்பிலும் யார் வேண்டுமானாலும் போடுவார்கள். இவளிடம் வந்தவர்கள் வேறு மாதிரி. உடைந்த கிரிக்கெட் மட்டை, இடித்த வீட்டின் மாடிப்படிக் கைப்பிடி, செத்துப்போன நாயின் தோல்வார் என்று கொண்டுவந்தார்கள். எதையும் அவள் வேண்டாம் என்றதில்லை.

சட்டைகளைக் கொண்டுவந்தவர் ஒரு ஆஸ்பத்திரிச் சமையலறையில் தலைமைச் சமையல்காரர். காலையிலிருந்து மதியம்வரை கத்தி பிடிக்கிற கை. உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. பையை மேஜைமேல் வைத்துவிட்டு, பொண்ணோட துணி என்றார். அவள் இப்போது எங்கே என்று வாயெடுப்பதற்குள் அவரே சொல்லிவிட்டார்.

"போயிட்டாம்மா. நாலு வருஷம் ஆச்சு. வெளிய போட மனசு வரல, வீட்லயும் வெச்சுக்க முடியல. தெனமும் கையில இருக்கற மாதிரி எதாவது பண்ணிக் குடுங்க."

பிடிக்காரி மேலே கேட்கவில்லை. கால் பட்டறையில் பழகிய பழக்கம் அது. கால் எப்படிப் போச்சு என்று அங்கே யாரையும் கேட்கக் கூடாது. கேட்டால் அழுவார்கள், அழுதால் அளவு தப்பும். அவள் ஒரு களிமண் உருண்டையை நீட்டி, கத்தி பிடிக்கிற மாதிரி பிடிக்கச் சொன்னாள். அவர் பிடித்தார். சுண்டுவிரல் மடங்கவில்லை. அதற்கும் காரணம் கேட்காமல் அந்தத் தடத்தை அப்படியே காயவைத்தாள்.

கடைசியில் வெட்டினாள். பட்டை பட்டையாக நறுக்கி, ஒவ்வொன்றையும் ரெசினில் நனைத்து, நாற்பது அடுக்கு அடுக்கி, இரண்டு பலகைகளுக்கு நடுவே வைத்துத் திருகு போட்டு இறுக்கினாள். மறுநாள் எடுத்தபோது ஐந்து சட்டைகளும் செங்கல்லைப்போல ஒரே கட்டியாகியிருந்தன. களிமண் தடத்தைப் பார்த்து மெஷினில் தேய்க்கத் தேய்க்க, அடுக்குகள் வெட்டுப்பட்டு நீலக் கோடுகள் வளைந்து வளைந்து மேலே வந்தன. கட்டி சூடேறியபோது வெறும் ரெசின் நாற்றம் மட்டும் வரவில்லை. சாக்பீஸ் தூள் மணமும், வெயிலில் நடந்து வந்த பிள்ளையின் கழுத்து மணமும் கலந்து வந்தது. அவள் மெஷினை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். அண்ணனின் உலைச் சத்தத்தைத் தவிர எதுவும் இல்லை.

வேலை நடந்த மூன்று நாளும் அப்படித்தான். முதுகுக்குப் பின்னால் யாரோ நின்று வேலையைப் பார்ப்பது போலிருந்தது. பயமாக இல்லை. கூச்சமாக இருந்தது, கேட்காமல் ஒருத்தியின் பெட்டியைத் திறந்துவிட்ட மாதிரி. சட்டைகளின் கை நீளத்தையும் தோள் அகலத்தையும் வைத்து அந்தப் பெண் தன் காது உயரம் இருப்பாள் என்று கணக்குப் போட்டிருந்தாள். பஸ்ஸில் போகும்போது பள்ளிப் பிள்ளைகளின் இடது தோளையே பார்த்தாள். பித்தளை ஆணி அடிக்கத் துளை போடும்போது, தன்னை அறியாமல், கொஞ்சம் பொறுத்துக்கோ கண்ணு என்றாள். யாரிடம் பேசுகிறாய் என்று அண்ணன் எட்டிப் பார்த்துக் கேட்டான். யாருமில்லை என்றாள். செத்தவங்க துணியை வாங்காதேன்னு சொன்னா கேக்கறியா என்று முணுமுணுத்துக்கொண்டே அவன் உலைக்குத் திரும்பினான்.

முடிந்த கத்தியைப் படம் எடுத்து, எப்போதும்போலக் கடையின் இணையப் பக்கத்தில் போட்டாள். மறைந்த மகளின் சீருடையில், அப்பாவின் கைக்கு ஒரு பிடி என்று கீழே எழுதினாள். அவள் போட்ட எதற்கும் இத்தனை பேர் பதில் எழுதியதில்லை.

படம் போட்ட நான்காம் நாள், உச்சி வெயிலில், வாசலில் ஒருத்தி வந்து நின்றாள். இருபத்தைந்து வயது இருக்கும். இடது தோளில் பை. பிடிக்காரியின் காது உயரம். வெளிச்சம் பின்னாலிருந்து வந்ததால் முகம் தெரியவில்லை, தெரியவும் வேண்டியிருக்கவில்லை. பிடிக்காரியின் கையிலிருந்த உப்புத்தாள் நழுவிக் கீழே விழுந்தது.

"அது என்னோட சட்டைங்க," என்றாள் அந்தப் பெண். "நான் செத்துட்டேன்னு போட்டிருக்கீங்க."

பிடிக்காரி ஸ்டூலை இழுத்துப் போட்டு, தானே அதில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு தண்ணீர் கொடுத்தாள். அந்தப் பெண் குடித்துவிட்டு, கேட்காமலே சொன்னாள். நான்கு வருஷத்துக்கு முன்பு அப்பாவோடு பெரிய சண்டை. வேலையைச் சாக்காக வைத்து வெளியூர் போய்விட்டாள். போய் மூன்றாம் வாரம், ஒரே நாளில் பதினோரு தடவை அப்பா போன் அடித்தார். திட்டத்தான் கூப்பிடுகிறார் என்று அவள் எடுக்கவில்லை. பிறகு நம்பரையே மாற்றிவிட்டாள். அன்றைக்கு அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறாள். அப்பா சமைக்கிற அதே ஆஸ்பத்திரி. விஷயம் தெரிந்து அவள் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. கதவைத் தட்டினாள். உள்ளே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. கதவு திறக்கவில்லை.

"அப்பா என்ன சொல்லி இதைக் குடுத்தாரு?"

"போயிட்டான்னார். நாந்தான் தப்பா..." பிடிக்காரி போனை எடுத்தாள். "இப்பவே அழிச்சிடறேம்மா."

"வேணாம், இருக்கட்டும். உயிரோட இருக்கறப்ப என்னைப் பத்தி யாரும் அவ்ளோ நல்லதா எழுதினதில்ல."

சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. கத்தியைப் பார்க்கலாமா என்று கேட்டாள்.

பிடிக்காரி துணியைப் பிரித்துக் கொடுத்தாள். அந்தப் பெண் மை மங்கிய இடம் எங்கே வந்திருக்கிறது என்று தேடவில்லை. காலர் எங்கே என்று பார்க்கவில்லை. தன் விரல்களை ஒவ்வொன்றாக அப்பாவின் விரல்பள்ளங்களில் வைத்தாள்.

"கை இவ்ளோ ஒடுங்கிப் போச்சா?" என்றாள். பிறகு, கடைசிப் பள்ளம் இல்லாமல் நேராக ஓடிய இடத்தைத் தடவினாள். "சுண்டுவிரல் மடங்கலையா? எப்பத்துலேர்ந்து?"

தெரியாது என்றாள் பிடிக்காரி. கேட்காமல் விட்டோமே என்று வாழ்க்கையில் முதல் தடவையாக வருத்தப்பட்டாள். சனிக்கிழமை பத்து மணிக்கு அப்பா வருவார், நீயும் வா என்று சொல்லிப் பார்த்தாள். அந்தப் பெண் கத்தியைத் துணியில் சுற்றி, குழந்தையைக் கிடத்துவதுபோல மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாள்.

சனிக்கிழமை பத்து மணிக்குச் சமையல்காரர் மட்டும் வந்தார். பிடிக்காரி வாசலைப் பார்த்தாள், மணியைப் பார்த்தாள், பத்தேகால்வரை ஆணியின் தலையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கத்தியைக் கையில் வாங்கியதும் அவர் முகம் இளகியது. பிடி அவர் கையில் கச்சிதமாக உட்கார்ந்தது. கட்டைவிரல் தானாக நீலக் கோடுகளின்மேல் ஓடியது. சொல்லாமல் அனுப்பிவிடலாம் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். ஊர் வீட்டு விவகாரம் நமக்கெதற்கு என்று அண்ணனும் சொல்லியிருந்தான். ஆனால் அந்தக் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

"உங்க பொண்ணு வந்திருந்தா," என்றாள்.

கட்டைவிரல் நின்றது. எந்தப் பொண்ணு என்று அவர் கேட்பார், கோபப்படுவார், கத்தியை வைத்துவிட்டுப் போய்விடுவார் என்றெல்லாம் அவள் எதிர்பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தபடி, எங்கே நின்றாள் என்று கேட்டார். அவள் காட்டினாள். மேஜைக்கு இந்தப் பக்கம், ஜன்னலை ஒட்டி. அவர் அங்கே போய் நின்றார். அங்கிருந்து தெரிகிற உலை, சுவரில் தொங்குகிற ரம்பங்கள், வாசல் என்று ஒவ்வொன்றையும் பார்த்தார்.

"இளைச்சிருக்காளா?"

"கொஞ்சம்."

அவர் தலையாட்டினார். இந்தப் பிடியைக் கழற்ற முடியுமா என்று கேட்டார். கழற்ற முடியாது, உடைத்துத்தான் எடுக்க வேண்டும் என்றாள் பிடிக்காரி. உடைத்தால் சட்டை திரும்ப வராது என்பதையும் சொல்ல நினைத்தாள். அவருக்குத் தெரியாததா என்று விட்டுவிட்டாள். அவர் கத்தியைத் தாளில் சுற்றி, பைக்குள் வைத்து, இரண்டு கையாலும் பையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினார்.

எதிர்ச்சாரியில் பஸ் நிறுத்தம். அவர் அங்கே போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தார். பிடிக்காரி வேலையைப் போட்டுவிட்டு ஜன்னலில் நின்றாள். ஆஸ்பத்திரிப் பக்கம் போகும் பஸ் வந்தது, போனது. அவர் ஏறவில்லை. இன்னொன்று வந்தது. அதற்கும் எழுந்திருக்கவில்லை. வெயில் பெஞ்சின் பாதிவரை ஏறிவிட்டிருந்தது. மூன்றாவது பஸ் புழுதியைக் கிளப்பிவிட்டு நகர்ந்தபோது, பெஞ்சின் நடுவில் உட்கார்ந்திருந்த அவர், பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு மெல்ல வெயில் பக்கமாக நகர்ந்து, நிழலில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டார்.