ஸ்கேலுக்கு வேண்டியவர்கள்

போக்குவரத்துப் பிரிவில் அவனை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஸ்கேல் என்றால்தான் தெரியும். அறுபதில் போக வேண்டிய சாலையில் அறுபத்தொன்றில் போனவரைக்கூட நிறுத்தி, அந்த ஒன்றைப் பற்றி நின்று நிதானமாக விளக்கிவிட்டுத்தான் அனுப்புவான். பேசாமல் அபராதமே கட்டியிருக்கலாம் என்று ஆகிவிடும் அவருக்கு.

அப்படிப்பட்டவன் மேல்தான் இப்போது பழி விழுந்திருந்தது.

புறவழிச்சாலையில் பாதியைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். ஒரு லாரி போனால் எதிரில் நிற்பவர் தெரியாத அளவுக்குப் புழுதி. ஸ்கேல் தலைக்கவசம் போட்டு, கறுப்புக் கண்ணாடி மாட்டி, மூக்கையும் வாயையும் தடித்த முகக்கவசத்தால் மூடிக்கொண்டு, வேகம் பார்க்கும் கருவியைத் துடைத்துக்கொண்டிருந்தான். இன்ஸ்பெக்டர் மேடத்தின் ஜீப் பக்கத்தில் வந்து நின்றது. மேடம் இறங்கினார்.

"என்ன ஸ்கேல், ஊர் பூரா உனக்குச் சொந்தக்காரங்களாமே?"

"எனக்கு ஒரே ஒரு அக்காதான் மேடம்."

"அப்படியா. போன வாரம் பாலத்துகிட்ட ஒருத்தர். ஆஸ்பத்திரி வளைவுல ரெண்டு பேர். வேகமாப் போனீங்கன்னு பிடிச்சா, 'ஸ்கேலுக்கு வேண்டியவங்க'ன்னு சொல்றாங்க. நம்ம ஆளுங்களும், ஸ்கேலே ஒருத்தருக்குப் பரிஞ்சு பேசறான்னா விஷயம் பெரிசா இருக்கும்னு விட்டுடறாங்க. பேரை எவ்வளவுக்கு வித்தே?"

"சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாது மேடம்."

"தலைமைக் காவலர் பதவி உயர்வுப் பட்டியல் என் மேசைல இருக்கு. உன் பேர்தான் முதல்ல. இன்னிக்கு நான் இங்கேயே நிக்கறேன். எவனாவது உன் பேரைச் சொல்லி, நீயும் அவனை விட்டேன்னு வை, பட்டியல்லேர்ந்து உன்னை எடுத்துடுவேன். கிடங்குல உக்காந்து கூம்பு எண்ணலாம்."

கூம்பு என்பது சாலையை மறிக்க வைக்கிற ஆரஞ்சு நிறக் கூம்பு. கிடங்குக்குப் போனவர்கள் யாரும் திரும்பிச் சாலைக்கு வந்ததாகச் சரித்திரம் இல்லை.

ஸ்கேல் மண்டையை உடைத்துக்கொண்டான். வெளியாட்களிடம் அவன் வாயைத் திறந்ததே ஒரே ஒரு தடவைதான். இரண்டு மாதத்துக்கு முன், அக்கா வீட்டுக்காரர் செயலாளராக இருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பில், 'போலீஸ் நிறுத்தினால் ஓட்டுநர் என்ன செய்ய வேண்டும்' என்று பேசினான். மாமா ஒரு பெரிய குழாய்க் கடையின் மேலாளர். அவன் தோளில் கை போட்டு, "இவன் என் மச்சான்" என்று மைக்கில் அறிமுகம் செய்துவைத்தார்.

பேச்சு நன்றாகத்தான் இருந்தது. கை காட்டினால் பதறாதீர்கள். ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணையுங்கள். இறங்கி ஓடி வராதீர்கள். கண்ணாடியை முழுக்க இறக்குங்கள், இரண்டு கையும் ஸ்டியரிங்கில் தெரியட்டும். கேட்டதற்கு மட்டும் பதில். உரிமத்தை எடுப்பதற்கு முன் எடுக்கப் போகிறேன் என்று ஒரு வார்த்தை. உங்கள் மேல் தப்பில்லை என்று தோன்றினால் சாலையில் சண்டை வேண்டாம், சீட்டை வாங்கிக்கொண்டு போய்க் கோர்ட்டில் சொல்லுங்கள். எல்லாரும் கை தட்டினார்கள். அவனுக்கு இரவு வேலை இருந்ததால் கூட்டம் முடிவதற்குள் கிளம்பிவிட்டான். அதில் விற்பதற்கு என்ன இருக்கிறது?

யோசனையில் இருந்தபோதே கருவி கீச்சிட்டது. எண்பத்தேழு.

கையைக் காட்டிவிட்டுத்தான் வண்டியைப் பார்த்தான். வெளிர் பச்சை நிறம், முன்பக்கம் ஒரு சொட்டை. மாமாவின் கார்.

கார் முதலில் நிற்காமல் போகப் பார்த்தது. பிறகு மனசு மாறி, சாலையில் பாதியை அடைத்துக்கொண்டு நின்றது. இன்ஜின் உறுமிக்கொண்டே இருந்தது. கண்ணாடி இரண்டு விரல் அளவுக்கு இறங்கியது. அன்று அவன் சொன்னதில் ஒன்றைக்கூட மாமா விட்டுவைக்கவில்லை; எல்லாவற்றையும் தலைகீழாகச் செய்தார். பக்கத்து இருக்கையில் அக்கா.

ஸ்கேல் கருவியை வைத்துவிட்டுக் காரிடம் போனான். பன்னிரண்டு வருஷமாக மாமா உட்காரச் சொன்னால் உட்கார்ந்து, எழுந்திருக்கச் சொன்னால் எழுந்தே பழகியவன். இவரைப் பிடித்தால் அக்காவுக்கு வீட்டில் நிம்மதி போய்விடும். விட்டால் கிடங்கு. மேடம் இரண்டடி பின்னால் வந்து நின்றுகொண்டார்.

"வணக்கம் சார். இங்க வேகம் அறுபது. நீங்க எண்பத்தேழுல வந்தீங்க. உரிமத்தைக் காட்டுங்க."

முகக்கவசத்துக்குள் அவன் குரல் போர்வைக்குள்ளிருந்து வருவது போல இருந்தது. அப்படி இல்லாவிட்டாலும் மாமாவுக்கு அடையாளம் தெரிந்திருக்காது. இத்தனை வருஷத்தில் மாமா பேசி அவன் கேட்டிருக்கிறானே தவிர, அவன் பேசி அவர் கேட்டதில்லை.

"உரிமமெல்லாம் இருக்கட்டும் தம்பி. நான் யார் தெரியுமா? ஸ்கேலோட மாமா."

மேடம் மெல்லத் தொண்டையைக் கனைத்தார்.

"எந்த ஸ்கேல் சார்?"

"என்ன ஆளுய்யா நீ. உங்க டிபார்ட்மென்ட்ல ஸ்கேலைத் தெரியாம இருக்கியே, புதுசா? என் குடியிருப்புல யாரை வேணா கேளு. அன்னிக்கு அவன் வந்து ஒரு மணி நேரம் அறுத்துட்டுப் போனான். கையை ஸ்டியரிங்குல வை, கண்ணாடியை இறக்குன்னு. அவன் போனதும் நான் சொன்னேன், இத்தனையும் ஞாபகம் வச்சுக்க உங்களால ஆகாது, ஸ்கேலுக்கு வேண்டியவங்கன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்னு. இதுவரைக்கும் நாலஞ்சு பேருக்கு நல்லா வேலை செஞ்சிருக்கு."

"ஏங்க, தப்புன்னா கட்டிட்டுப் போயிடலாமே" என்றாள் அக்கா.

"நீ சும்மா இரு. இவங்களுக்கெல்லாம் நேராப் பேசினாத்தான் புரியும்." மாமா போனை எடுத்து எண்ணை அழுத்தினார்.

ஸ்கேலின் சட்டைப்பையில் மணி அடித்தது. நிலையத்திலிருந்து அழைப்பு வரும் என்பதால் பணியில் போனை அணைத்து வைக்க அனுமதி இல்லை. எடுத்தான். திரையில் 'மாமா' என்று இருந்ததை மேடம் எட்டிப் பார்த்துவிட்டு, தோண்டிப்போட்ட மண்ணை வெகு அக்கறையாகப் பார்க்க ஆரம்பித்தார்.

ஸ்கேல் நான்கு எட்டு நடந்து ஜீப்பின் மறைவுக்குப் போய்ப் பேசினான். "சொல்லுங்க மாமா."

"மச்சான், இங்க மூஞ்சிய மூடிக்கிட்டு ஒருத்தன் வழியில நிறுத்திட்டான். டூட்டி நேரத்துல போன் வேற பேசிட்டு நிக்கறான், பொறுப்பில்லாதவன். நீ கொஞ்சம் பேசு. இரு, அவன்கிட்டயே கொடுக்கறேன்." உடனே ஹாரன் நீளமாக அலறியது. "யோவ், உன்னைத்தான். வா இங்க. ஸ்கேல் லைன்ல இருக்கான்."

கண்ணாடி இப்போதுதான் முழுக்க இறங்கியது. மாமாவின் கை போனோடு வெளியே நீண்டது.

ஸ்கேல் தன் போனைப் பையில் போட்டுக்கொண்டு திரும்பி வந்து, மாமாவின் போனை வாங்கிக் காதில் வைத்தான். இரண்டு போனும் நெருங்கியதில் விசில் மாதிரி ஒரு சத்தம் கிளம்பியது.

"சிக்னல் சரியில்ல. சத்தமாப் பேசு" என்றார் மாமா.

"வணக்கம்" என்றான் ஸ்கேல், ஸ்கேலிடம். "ஆமா. எண்பத்தேழு. ... இல்ல, அறுபதுதான். ... பலகை இருக்கு, தெளிவாத் தெரியுது. ... உங்க மாமாதான்னு சொல்றார்."

அப்புறம் பேச்சில்லாமல் நின்றான். மாமாவுக்கு அது எதிர்முனை பேசுகிற நேரம். ஸ்கேலுக்கு அது நிஜமாகவே யோசிக்கிற நேரம். கவசத்தைக் கழற்றிவிட்டால் உண்மை வெளியே வரும். கூடவே அக்காவின் அடுத்த பத்து வருஷமும் தெருவுக்கு வரும். கழற்றாமலே செய்ய வேண்டியதைச் செய்தால் அது பொய்யா? கணக்குப் போட்டுப் பார்த்தான். இதுவரை சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

"சரி" என்று போனில் சொல்லிவிட்டுத் திருப்பிக் கொடுத்தான்.

"என்ன சொன்னான்?"

"எழுதச் சொல்லிட்டார் சார்."

"என்னது?"

"சொந்தக்காரங்கன்னா கட்டாயம் எழுதணும்னு நினைக்கறார்."

மாமா "மச்சான், மச்சான்" என்று போனில் கத்தினார். அதற்குள் ஸ்கேலின் விரல் பைக்குள் அழைப்பைத் துண்டித்திருந்தது. அக்கா இவ்வளவு நேரமும் குனிந்து கவசத்தையும் கண்ணாடியையும் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். எதைக் கண்டாளோ, சட்டென்று அந்தப் பக்கம் திரும்பி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். தோள்கள் குலுங்கின.

"அழாதே" என்றார் மாமா. "பணம்தானே, போனாப் போகுது. ஆனா கூடப் பிறந்தவன் இப்படிக் கழுத்தறுப்பான்னு நான் நினைக்கல."

சீட்டு எழுதியாயிற்று. கார் கிளம்பிப்போனது, ஐம்பத்தெட்டில். மேடம் ஜீப்பில் ஏறி உட்கார்ந்தார்.

"நீதான் அந்த மச்சான்னு முகத்தைக் காட்டியிருக்கலாமே."

"காட்டியிருந்தா மாமா இறங்கியிருப்பார் மேடம். ஓட்டுநர் இறங்கக் கூடாது."

மேடம் சிரிக்கவில்லை, சிரிக்காமலிருக்க அவருக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. "கிடங்குக்கு வேற ஆள் பார்க்கறேன்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுக்கச் சொன்னார்.

சாயங்காலம் ஸ்கேல் வீட்டுக்கு வந்து பூட்ஸைக் கழற்றியபோது அக்கா போனில் கூப்பிட்டாள். பின்னால் குழாய் ஓடும் சத்தம், சமையலறையிலிருந்துதான் பேசுகிறாள்.

"டேய், மாமா புகார் எழுதறார். இன்ஸ்பெக்டருக்கு. சொல்லச் சொல்ல நான் டைப் அடிக்கறேன். 'ஆள் எப்படி இருந்தான்'னு என்னைக் கேக்கறார். குட்டையா, தொப்பையோட இருந்தான்னு போட்டுடவா? எங்க தேடினாலும் கிடைக்க மாட்டான்."

ஸ்கேல் ஒரு காலில் பூட்ஸோடு உட்கார்ந்திருந்தான். புகார் மேடத்தின் மேசைக்குத்தான் போகும். அதே மேசையில்தான் பட்டியலும் இருக்கிறது. மேடத்துக்கு எல்லாம் தெரியும்தான். ஆனால் கையெழுத்துப் போட்டுப் புகார் என்று ஒன்று வந்துவிட்டால், விசாரணை முடியும்வரை பட்டியலில் அவன் பெயர் நகராது.

"உள்ளபடியே போடுக்கா. ஒல்லி, உயரம். பொய்ப் புகார் கொடுத்தா மாமா மேலதான் வரும்."

"பைத்தியமாடா உனக்கு? 'மரியாதை இல்லாம நடந்துக்கிட்டான்'னு வேற எழுதியிருக்கார்."

"அது அவர் அபிப்பிராயம். இருக்கட்டும்."

அக்கா பெருமூச்சு விட்டாள். தூரத்தில் மாமா ஏதோ கேட்பதும், அவள் "இருங்க, கேக்கறேன்" என்பதும் காதில் விழுந்தது.

"மாமாவுக்கு உன்மேல கோபம்தான். இனிமே உன் பேரையே எடுக்கக் கூடாதுன்னு குடியிருப்புல எல்லாருக்கும் சொல்லிட்டார். ஆனா இந்த ஒரு தடவை மட்டும்" என்று நிறுத்தினாள். குரலில் சிரிப்பு ததும்பியது. "இந்தப் புகார் கிடப்புல கிடக்காம சீக்கிரம் நகரணுமாம். நீ மேடம்கிட்ட ஒரு வார்த்தை சொல்ல முடியுமான்னு கேக்கறார்."

"சொல்றேன்னு சொல்லுக்கா" என்றான் ஸ்கேல். "காலைல முதல் வேலையா."