கழற்றி வைத்த பல்ப்

…கடவுள் மனிதனுக்கு மூக்கை வைத்ததே கண்ணாடி மாட்டத்தான் என்று இந்த இஞ்சினியர் ஐயா நினைத்துக்கொண்டிருக்கிறார் போல, இல்லாவிட்டால் காரின் புகை நல்லதா கெட்டதா என்று அறிய யப்பான்காரன் செய்த ஒரு சாமானை இப்படிக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுவாரா, என்று நினைத்தபடி சந்தியோகு பின்சீற்றில் சாய்ந்தான். மழை கூரையில் சடசடத்தது, நான்கு கண்ணாடியும் இறுக்க ஏற்றியிருந்தது, முன்னால் செல்வநாயகம் ஸ்ரியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மானிப்பாயிலிருந்து இணுவிலுக்கு மாட்டுவண்டிக்காரனைப் போல ஓட்டிக்கொண்டிருந்தார்… இவரெல்லாம் இஞ்சினியர், முப்பது வருஷம் வாய்க்கால் கட்டினாராம், எந்த வாய்க்காலில் தண்ணீர் ஓடியதோ. "நாளைக்குப் பிள்ளை இருக்கப்போற இடத்திலை நீர் இருந்து புகை மணக்குதோ எண்டு பாரும் சந்தியோகு, எனக்குத் தடிமன், ஒரு மணமும் தெரியேல்லை" என்று சொல்லித்தான் அவனைப் பின்னால் ஏற்றினார். நாளைக்குப் பிள்ளைபெற்ற துடக்குக் கழித்து மகள் மகாதேவி முப்பத்தொரு நாள் பிள்ளையோடு பருத்தித்துறைக்கு, புருஷன் வீட்டுக்குப் போகிறாள். பச்சைப் பிள்ளைக்குக் காற்றுப் படக்கூடாதாம், கண்ணாடியை ஒரு விரல் அளவும் இறக்கமாட்டார்களாம், அந்தக் கிடங்கு விழுந்த றோட்டில் எப்படியும் மூன்று மணித்தியாலம்… போகட்டும், சந்தியோகு கை வைத்த கார், போய்ச் சேரும்.

சண்டை திரும்பத் தொடங்குவதற்கு முந்தின வருஷம் கொழும்பில் வாங்கின கார் இது. பெற்றோல் வராமல் போனதும் இரண்டு வருஷம் கிடுகுக் கொட்டிலுக்குள் நின்றது, அதற்குள் கோழி அடைகாத்தது, பிறகு அவனிடம்தானே வந்தார், வேறு எங்கே போவார், கார்பரேற்றருக்குள் நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓடவைக்க வாய்க்கால் கட்டினவர்களுக்குத் தெரியுமா. மண்ணெண்ணெய் சூடேறவேண்டும் என்று செப்புக்குழாயைப் புகைக்குழாயில் சுற்றினவன் அவன், அந்தக் குழாயின் நடுவில் தேன்கூடு மாதிரி எதையோ அடைத்து வைத்திருந்த பெட்டியை அலவாங்கால் குத்தி எறிந்துவிட்டுத் தண்ணீர்ப் பம்பின் இரும்புக்குழாயைப் பொருத்தினவனும் அவன்தான். அதோடு முன்பலகையில் ஒரு சிவப்பு விளக்கு எரியத் தொடங்கியது, அவ்வளவுதான், ஐயா காரோடு வந்த புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். "புகைக்குழாயிலை இருக்கிற சென்சர்தான் இதை எரிக்குது, புகை பிழையெண்டாலும் எரியும், குழாய் கசிஞ்சாலும் எரியும், இஞ்சை பாரும், போட்டிருக்கு." அதைக் கழற்றிப் பார்த்தான், பொரிந்துபோன கத்தரிக்காய்க் காம்பைப் போல ஒரு சாமான், கரி பிடித்துக் கறுத்துக் கிடந்தது. இதுவா எனக்குப் புத்தி சொல்லப்போகிறது? சென்சர் இருந்த ஓட்டைக்குள் ஒரு போல்ற்றை இறுக்கினான், முன்பலகையைத் திறந்து சிவப்பு விளக்கின் பல்ப்பையும் பிடுங்கிச் சட்டைப்பைக்குள் போட்டான். "இனி எரியாது ஐயா. புகை எங்கை கசிஞ்சாலும் என்ரை மூக்கு சொல்லும், இது குருநகர் மூக்கு, கரையிலை நிண்டே வலையிலை என்ன மீனெண்டு சொல்லும்." வள்ளத்து எஞ்சினோடு பிறந்து வளர்ந்தவனிடம், ஷெல்லடியில் கரையை விட்டு ஓடி வந்திராவிட்டால் இவர்களின் வாசலை மிதித்தே இருக்காதவனிடம், புத்தகம் வாசித்துக் காட்டுகிறார்!

"மணக்குதோ?" என்றார் செல்வநாயகம், சுதுமலைச் சந்தி தாண்டியதும். இல்லை ஐயா. மதகடியிலும் அதே கேள்வி, மணக்குதோ, இல்லை ஐயா, இல்லை, இல்லை… இப்படித் தொணதொணத்தால் தலை இடிக்காமல் என்ன செய்யும், இரண்டு நெற்றிப்பொட்டும் விண் விண் என்று தெறித்தது, கண்ணை மூடினால் நல்லது போல இருந்தது, ஐயாவின் கதை கேட்டே மனிதன் சீவன் விட்டுவிடுவான். வாடகைக் கார் ஓட்டுகிற பிலிப்பு எவ்வளவோ மேல், அவன் கேள்வி கேட்கமாட்டான், ஆனால் அவனும் ஒரு மாடு, போன மாதம் இதே மாதிரிக் குழாய் மாற்றிக் கொடுத்த காரை நல்ல பகலில் மழைக்குள் ஓட்டிக்கொண்டு போய் ஒரு பனங்காணி வேலிக்குள் விட்டுக் காலை முறித்துக்கொண்டான். கேட்டால், "நித்திரை தூக்கிப் போட்டுது அண்ணை, தலையிடி வேறை, ஏனெண்டு தெரியேல்லை" என்றானே, கள்ளுக் குடித்தவன் வேறு எதைச் சொல்வான்? வீட்டிலும் அப்படித்தான், பெண்சாதி அற்புதராணிக்கு மானிப்பாய்ப் பெண்டுகளோடு பழகி இப்போது மீன் என்றாலே மூக்குச் சுளிப்பு, முந்தநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தவனின் சோற்றுக் கோப்பையைப் பறித்து நாய்க்கு வைத்தாள், "பழுதாப்போன சூடை, வீடு முழுக்க நாறுது, உங்களுக்கு மணக்கேல்லையோ" என்று. நல்ல மீன் அது. கடற்கரையில் பிறந்தவளுக்கு மீன் மணம் பிடிக்காமல் போய்விட்டது, அவ்வளவு மவுசு.

ஒரு கிடங்கில் கார் விழுந்து எழும்பியது, அவன் காலடியில் ஏதோ சரிந்தது. "ஐயையோ, மறந்துபோனன்" என்றார் செல்வநாயகம், அவர் குரலில் வெட்கம் இருந்தது. "அந்தப் பைக்குள்ளை பால்சுறாக் கருவாடு சந்தியோகு. பிள்ளைக்குப் பால் காணாதாம், மனுசி வாங்கச் சொன்னவ, பச்சை மீன் எங்கை கிடைக்குது. சந்தையிலை எல்லாரும் மூக்கைப் பொத்தினவங்கள். எனக்குத் தடிமன் எண்டபடியால் தெரியேல்லை, பாவம், நீர் சொல்லாமல் பொறுத்துக்கொண்டு வாறீர் என்ன?"

சந்தியோகு குனிந்து பார்த்தான், பன்புல்லில் பின்னிய பை, வாய் திறந்தபடி, அவன் காலோடு ஒட்டிக்கொண்டு… மானிப்பாயிலிருந்து இங்கேதான் இருந்ததா? சுறாக் கருவாடு, பூட்டின காருக்குள், இவ்வளவு நேரம்? கூட வந்தவன் யார், சந்தியோகு, குருநகர் சந்தியோகு. ஒரு துண்டை எடுத்து மூக்கில் வைத்தான், உப்புத் தோலைச் சுரண்டியது, வேறு ஒன்றுமில்லை. ஆழ இழுத்தான். ஒன்றுமில்லை. விரல் இடுக்கில் மண்ணெண்ணெய் எப்போதும் ஊறிக் கிடக்கும், அதை மணந்தான், அதுவும் இல்லை. எப்போது போனது இது, குழாயை வாயில் வைத்து மண்ணெண்ணெய் உறிஞ்சி உறிஞ்சிப் போனதா, போன மாரியிலா, அதற்கும் முந்தியா? அந்தச் சூடை… பொட்டில் விண் விண் என்று தெறித்தது, இது ஐயாவின் தொணதொணப்பா, புகையா?

"ஐயா, கண்ணாடியை இறக்குங்கோ. எல்லாக் கண்ணாடியையும். காரை நிப்பாட்டுங்கோ."

"ஏன், மணக்குதோ?"

மழைச்சாரல் முகத்தில் அடித்தது. மணக்கிறது என்றால் மூக்கின் மானம் தப்பும், பிள்ளையும் தப்பும், இன்றைக்கே குழாயைக் கழற்றிவிடலாம், இவருக்கு ஒன்றும் தெரியவராது. சட்டைப்பைக்குள் கை போனது, பல்ப் அங்கேதான் கிடந்தது, கடலை அளவு.

"ஓம் ஐயா" என்றான். "மணக்குது."

"பார்த்தீரே, உம்மடை மூக்கு மூக்குத்தான்!" செல்வநாயகம் உண்மையாகவே சந்தோஷப்பட்டார், இந்த மனிதர் நம்பிவிட்டார், எல்லாரும் நம்பினார்கள், எத்தனை கார், இந்த இரண்டு வருஷத்தில் பூட்டின கண்ணாடியோடு உள்ளே இருந்து மணந்து பார்த்துவிட்டு, போ, ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்ட கார் எத்தனை… அவன் கதவைத் திறந்து மழைக்குள் இறங்கி நின்றான். பிலிப்பு கள்ளுக் குடித்து யாராவது கண்டிருக்கிறார்களா?